ஊரில் இருக்கும் பாட்டியிடம் என்ன மொழி பேசுவான்?

திருப்பூர்ப் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரே வகுப்பில் மூன்று நான்கு வீட்டுமொழிகள் இருப்பது இப்போது வாடிக்கை. பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பிலும் படிக்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘ஹிந்தி’ என்றே எழுதியிருக்கும். அதை வைத்துப் பாடம் திட்டமிடாதீர்கள். “ஊர்ல இருக்கிற பாட்டிகிட்ட பையன் என்ன பாஷையில பேசுவான்?” என்று பெற்றோரைக் கேளுங்கள். போஜ்புரி, மைதிலி, சந்தாலி என்று உண்மையான பதில் அப்போதுதான் வரும்.

இந்தத் தகவல் பாடத்துக்கு நேரடியாக உதவும். ஒடியா மொழியில் ‘ள’ ஒலி உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு ‘கல்’, ‘கள்ளி’ இரண்டும் சிரமமில்லாமல் பிரியும். ஹிந்தியும் வங்காளமும் பேசுகிறவர்களுக்கு அதைத் தனியாகப் பழக்க வேண்டும். ‘ழ’ எல்லோருக்குமே புதிது. ஊரில் ஹிந்தி எழுத்துப் பழகி வந்தவனுக்கு வேறொரு சிக்கல். அவனுக்குத் தெரிந்த க-வரிசையில் நான்கு எழுத்துகள், நம்மிடம் ஒன்று. ‘தங்கம்’ எழுதச் சொன்னால் அந்த மெல்லிய ஒலிக்கு வேறு எழுத்தைத் தேடி நிற்பான். ‘க’ சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக, ‘ங்’குக்குப் பிறகு மென்மையாக ஒலிக்கும் என்பதை ஹிந்தி எழுத்துகளைப் பக்கத்தில் எழுதியே காட்டுகிறேன். சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு ஹிந்தியில் இல்லை, சந்தாலியில் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் ஒரு மாணவியின் அப்பா. அந்த இலக்கணத்தை வகுப்புக்கு விளக்கியவள் அவர் மகள்.

அறிவியலில் என் முறை எளிது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மூடியில் துளிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பேன். முதலில் அவரவர் மொழிக் குழுவில் பேசட்டும், சண்டை போடட்டும். பிறகு படமாக வரையட்டும். ‘ஆவி’, ‘குளிர்தல்’ என்ற தமிழ்ச் சொற்களை அந்தப் படத்தின் மேல்தான் எழுத வைக்கிறேன். தமிழ் வராததும் பாடம் புரியாததும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தப் படம்தான்.

ஓர் எச்சரிக்கை. தமிழ் நன்றாக வந்துவிட்ட ஒரு பிள்ளையையே எப்போதும் மொழிபெயர்க்க விடாதீர்கள். அவன் படிப்பு கெடும். முறைவைத்து மாற்றுங்கள். இன்னொரு பிள்ளையின் வீட்டுக் கஷ்டத்தையோ, அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லும் கண்டிப்பையோ எந்தக் குழந்தை வாயாலும் சொல்ல வைக்கவே கூடாது. வயிறு வலிக்கிறது, கழிப்பறை போகணும், பசிக்கிறது: இவற்றை அவர்கள் மொழியில் ஆசிரியர் கற்றுக்கொள்வதே நல்லது.

“வீட்டிலும் தமிழே பேசுங்க” என்று பெற்றோருக்குச் சொல்லும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. கொஞ்சம் தமிழ் தெரிந்த அம்மா, தமிழில் பேசினால் ‘வா’, ‘சாப்பிடு’, ‘தூங்கு’ என்பதோடு நின்றுவிடுவார். தன் மொழியில் என்றால் கதை சொல்வார், ஏன் எதற்கு என்று விளக்குவார். அந்தப் பேச்சில் வளரும் பிள்ளையிடம் தமிழைச் சேர்ப்பது சுலபம். ஷிப்ட் முடிந்து வரும் அம்மாக்களிடம் ஒரு கதையை போனில் பதிவு செய்து தரச் சொல்கிறேன். மறுநாள் வகுப்பில் ஓட விட்டு, பிள்ளைகளைத் தமிழில் சொல்ல வைக்கிறேன்.

இதற்கெல்லாம் விதியில் இடமுண்டா என்று சில சக ஆசிரியர்கள் கேட்பார்கள். பயிற்றுமொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவே சொல்கிறது. ஒரு தமிழ்வழிப் பள்ளியில் இத்தனை மொழிகளிலும் முழுப் பாடம் நடத்த முடியாது. ஆனால் அந்த ‘இயன்றவரை’யில் நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

சத் பூஜைக்கு ஊர் போகும் பிள்ளைகள் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். போகும்முன் ஒரு நோட்டுக் கொடுத்தனுப்புங்கள். அங்கே பார்க்கும் பயிர், பாத்திரம், பலகாரம் எல்லாவற்றையும் வரைந்து வரட்டும். பெயர்களை வீட்டுமொழியில் எழுதட்டும், எழுத வராதவர்கள் வந்து சொல்லட்டும். திரும்பியதும் விட்டுப்போன தமிழ்ப் பாடத்தை அந்த நோட்டிலிருந்தே தொடங்கலாம்.