நாகூர் போகிறீர்களா? ஒரகடம் நண்பர்களுக்குச் சில வார்த்தை

நாகூர் தர்காவின் கந்தூரி விழா நெருங்கினால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்டரிப் பையன்களின் ரூம்களில் "நாகூர் போலாமா?" என்ற பேச்சு கிளம்பிவிடும். முஸ்லிம் பையன் ஒருவன் ஆரம்பிப்பான். லைனில் பாதிப் பேர் சேர்ந்துகொள்வார்கள். போங்கள். ஆனால் அங்கே மையம் மினாராவும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டின் சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது அடங்கியிருக்கும் அந்த ஒரு அறைதான். அவருடைய மகன் யூசுப், மருமகள் ஆகியோரின் அடக்கமும் அதே தர்காவில்தான். அந்த அறை எதற்கு என்று தெரியாமல் போய், காசும் மனசும் கெட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செய்யுங்கள்

• பிறைக் கணக்கைக் கேட்டு லீவு போடுங்கள். கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தில், 14 நாள். இஸ்லாமிய ஆண்டு சிறியது. ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் வந்துவிடும். போன வருடத் தேதியைச் சொன்னால் லீவும் போச்சு, கந்தூரியும் போச்சு.

• சந்தனக்கூடு பார்க்கவா, அறையில் நிற்கவா என்று முதலில் முடிவு பண்ணுங்கள். கூடு இரவில் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாக வரும், விடியலை ஒட்டி அடக்கத்தில் சந்தனம் பூசுவார்கள்; மூச்சுவிட இடம் இருக்காது. நிம்மதியாக நிற்க ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போதும். வியாழன் மாலையும் கூட்டம்தான், முஸ்லிம் கணக்கில் அதுவே வெள்ளி இரவு.

• கால் கழுவி, தலையை மூடி, போனை சைலன்டில் போட்டு நுழையுங்கள். தூங்குகிற பெரியவர் அறைக்குள் எப்படிப் போவீர்களோ, அப்படி.

• முஸ்லிம் என்றால் ஸலாம் சொல்லி ஃபாத்திஹா ஓதுங்கள். இல்லையென்றால் அமைதியாக நின்றாலே போதும். கூச்சம் வேண்டாம். ஐந்து மினாராக்களில் உயரமான 131 அடிப் பெரிய மினாராவைக் கட்டியவரே தஞ்சையை ஆண்ட மராட்டிய இந்து மன்னர் பிரதாப் சிங்.

• கேட்பதை இறைவனிடம் கேளுங்கள். மதீனாவை நினைத்துப் பாருங்கள்: 632-இல் நபிகள் நாயகம் மனைவி ஆயிஷாவின் அறையில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பிறகு கலீஃபாக்கள் அபூபக்கரும் உமரும் அதே அறையில். பள்ளிவாசல் பெரிதானபோது அந்த அறையும் அதற்குள் வந்தது; சுற்றிலும் சுவர். இன்று லட்சக்கணக்கானவர்கள் வெளியே நின்று ஸலாம் சொல்லி நகர்கிறார்கள். பொதுமக்கள் யாருக்கும் உள்ளே வழி கிடையாது. துஆ கேட்பது அல்லாஹ்விடம். நபியின் அடக்க அறைக்கே மரியாதை அந்த அளவில் என்றால், மற்ற அறைகளுக்கும் அளவு அதுதான்.

• பெண்கள் உடன் வந்தால் எதுவரை போகலாம் என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். தர்காவுக்கு தர்கா வழக்கம் மாறும்.

செய்யாதீர்கள்

• அடக்கத்தின் முன் விழுந்து கும்பிடாதீர்கள். கோயில் பழக்கத்தில் வந்துவிடும், தெரியும். ஆனால் ஸஜ்தா இறைவனுக்கு மட்டும். பக்கத்தில் நிற்பவர் பிடித்துத் தூக்குவார், உங்களுக்குத்தான் சங்கடம்.

• லோன் ஆப்பில் கடன் வாங்கி நேர்ச்சை செலுத்தாதீர்கள். காண்ட்ராக்ட் முடியப்போகிற பயத்தில் வேண்டிக்கொள்வது புரிகிறது. ஆனால் வட்டியே ஹராம் என்கிற மார்க்கத்தில் வட்டிக் காசில் நேர்ச்சையா?

• எந்த ஊர் தர்காவானாலும் தொகை கேட்காமல் யாரையும் ஓதச் சொல்லாதீர்கள். முடிந்த பிறகு பேரம் பேசினால் ஓதியதும் கெடும், வந்ததும் கெடும்.

• நேர்ச்சைக்காக வீடு, கப்பல், கை, கால் உருவத் தகடு வாங்கும்போது வெள்ளியா தகரமா என்று கேட்காமல் காசை எடுக்காதீர்கள்.

• நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு பைக்கில் கிளம்பாதீர்கள். சுமார் 300 கிலோமீட்டர். கடலூர் தாண்டுவதற்குள் கண் சொருகும். வண்டலூர் ரோட்டைப் பிடித்துக் கிளாம்பாக்கம் போனால் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகலாம்.

• அடக்கத்தின் முன் செல்ஃபி எடுக்காதீர்கள். பின்னால் ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள். உங்கள் ஸ்டேட்டஸில் அவள் எதற்கு?

• "தர்காவுக்குப் போவதே தப்பு" என்கிற ரூம்மேட்டோடு சண்டைக்குப் போகாதீர்கள். சமாதிகளை வணக்கத்தலம் ஆக்காதீர்கள் என்று நபி எச்சரித்ததைத்தான் அவர் சொல்கிறார். மண்ணறைக்குப் போய் ஸலாம் சொல்வதும் நபி காட்டிய வழிதான் என்பீர்கள் நீங்கள். ஆலிம்களே நூற்றாண்டுகளாகப் பேசித் தீராத விஷயம். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் ரூமில் தீராது.

• ஓதி வாங்கிய தின்பண்டமான நார்சாவை ரூமிலேயே வைத்துத் தின்று தீர்க்காதீர்கள். மறுநாள் லைனுக்குக் கொண்டுபோங்கள். லீவு கொடுத்த சூப்பர்வைசருக்கு முதல் பங்கு.