அனுப்பிய மெயில் ஏன் திரும்பி வருகிறது?

ஏற்காட்டில் விடுதி நடத்தும் ஒருவர் தன் கம்ப்யூட்டரிலேயே மெயில் சர்வர் அமைத்து, அறை பதிவான விவரத்தை வாடிக்கையாளரின் ஜிமெயிலுக்கு அனுப்புகிறார் என வைத்துக்கொள்வோம். மெயில் திரும்பி வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் வேறு விடுதிக்குப் போய்விடுவார். காரணம் என்ன?

பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைச் சொல்வது டிஎன்எஸ். எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்வது ரிவர்ஸ் டிஎன்எஸ். மெயிலைப் பெறும் சர்வர், அனுப்பும் சர்வரின் எண்ணுக்குப் பெயர் இருக்கிறதா, அந்தப் பெயர் மீண்டும் அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்கும். வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அனுப்பும் ஸ்பேம் மெயில்களைத் தடுக்க இச்சோதனை உதவுகிறது. ஜிமெயில் 2024 பிப்ரவரியில் இதைக் கட்டாயமாக்கியது.

இந்தப் பதிவை, டொமைன் விற்றவரிடம் அல்ல, ஐபி எண் தந்த இன்டர்நெட் நிறுவனத்திடம்தான் பொதுவாகக் கேட்டுப் பெற வேண்டும். அதற்கு மாறாத ஐபி எண் தேவை. அது இல்லையென்றால், மெயில் சேவை நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்புங்கள்; பெயரும் எண்ணும் பொருந்தும்படி பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை.