கோடையில் சைக்கிள்: காரைக்கால் சொல்வதும் காற்று சொல்வதும்

சித்திரையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தரங்கம்பாடி வரை போய்வரப் போகிறேன் என்று காரைக்காலில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் ஒன்று சொல்வார், பஞ்சர் ஒட்டுபவர் இன்னொன்று, வீட்டில் அத்தை மூன்றாவது. மூன்றிலும் அக்கறை இருக்கும். உண்மை எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஊர் நிலம் பலகைபோல் சமம். பாலத்தின் ஏற்றத்தைத் தவிர இங்கே மேடென்று எதுவும் இல்லை. அதனால் ஓட்டுபவருக்கு எதிராளியும் கூட்டாளியும் ஒன்றுதான்: காற்று. நம் ஊர் நம்பிக்கைகள் பெரும்பாலும் வெயிலைப் பார்க்கின்றன, காற்றைப் பார்ப்பதில்லை.

“கடலோரம்தானே, குளுகுளுவென்று இருக்கும்”

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சொல்வது இது. உள்ளூர்க்காரர்களும் தலையாட்டுவார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் மிஷிகன் ஏரியை ஒட்டிச் சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது. அங்கே இந்தப் பேச்சு பொருந்தும். பனிக்காலம் போய் மே மாதம் வந்தும் அந்த ஏரி நீரின் வெப்பம் 10 டிகிரியை ஒட்டியே கிடக்கும். அதன் மேல் தவழ்ந்து வரும் காற்று உண்மையிலேயே குளிரடிக்கும். நம் வங்கக்கடலின் மேற்பரப்போ மே மாதத்தில் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் காற்று உள்நாட்டு அனலை அடக்கும், அவ்வளவுதான். கூடவே ஈரத்தைச் சுமந்து வரும். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டுமே தவிர உலராது. தெர்மாமீட்டரில் திருச்சியைவிட நான்கு டிகிரி குறைவாகக் காட்டும் நாளிலும் காரைக்காலில் சட்டை பிழியும்படி இருப்பது இதனால்தான்.

கடற்கரைச் சாலையை ஒட்டி அரசலாறு நிறைந்து கிடப்பதைப் பார்த்து, ஆற்றுத் தண்ணீர் குளிர்ச்சி தரும் என்று சொல்பவர்களும் உண்டு. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துசேர அதற்கு மேலும் நாளாகும். ஏப்ரல், மே மாதங்களில் முகத்துவாரத்தை ஒட்டி நீங்கள் பார்ப்பது காவிரி அல்ல, ஓதத்தில் உள்ளே ஏறிய கடல்.

“கடற்கரையில் எந்நேரமும் காற்றடிக்கும்”

அடிக்காது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி சிரமம் குறையும். இரவில் தரை கடலைவிடச் சீக்கிரம் ஆறுகிறது. அதனால் விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி, மேற்கிலிருந்து கிழக்காக, மெல்ல நகரும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ காற்று திரும்பிக் கடலிலிருந்து அடிக்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய எட்டு மணியிலிருந்து பத்து, பதினொரு மணி வரை, ஒரு இலைகூட அசையாத நேரம் ஒன்று உண்டு. வெயில் ஏறியிருக்கும், ஈரம் போயிருக்காது, காற்று இருக்காது. மதியம் இரண்டு மணியைவிடக் கொடுமையாக எனக்குப் படுவது இந்த நேரம்தான்.

மே மாதத்தில் இங்கே சூரியன் ஆறு மணிக்குக் கால் மணி முன்பே எழுந்துவிடுகிறது. ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள் வீடு திரும்புவது ஒரு கணக்கு. நாலரைக்குக் கிளம்பி இருட்டும் முன் திரும்புவது இன்னொரு கணக்கு. “காலை டிபனை முடித்துவிட்டுத் தெம்பாகக் கிளம்பலாம்” என்பது மூன்றாவது கணக்கு. காற்று செத்த அந்த நேரத்துக்குள் உங்களை நேராகக் கொண்டுபோய் விடுவது அதுதான்.

“பின்காற்று கிடைத்தால் யோகம்”

காலுக்கு யோகம்தான். உடம்புக்கு அல்ல. நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறீர்கள், பின்னாலிருந்து காற்றும் அதே வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். உங்கள் மேல் படும் காற்று சுழியம். மூடிய அறைக்குள் சைக்கிள் மிதிப்பதும் அதுவும் ஒன்று. மிதிப்பது லகுவாக இருப்பதால் வேகம் கூட்டத் தோன்றும். வியர்வை உலராமல் உடம்புக்குள் சூடு சேரும். கோடைப் பிற்பகலில் தெற்கும் தென்கிழக்குமாகக் காற்று எடுக்கும்போது கோட்டுச்சேரி, பூவம் வழியாகத் தரங்கம்பாடிக்கு வடக்கே போகிறவர்களுக்கு இதுதான் நேரும். டேனிஷ் கோட்டையில் வந்து இறங்கும்போது, “இவ்வளவு சுலபமாக வந்தோம், ஏன் இப்படித் தலை சுற்றுகிறது?” என்பார்கள்.

திரும்பும்போது இதன் மறுபக்கம். அதே 15 கிலோமீட்டர் வேகத்தில் அதே காற்றை எதிர்த்து வந்தால் உடம்பில் மோதும் காற்றின் வேகம் 30. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், காற்றில்லாத நாளைவிட நான்கு மடங்கு தடை. களைத்த காலோடு இதைச் சமாளிக்க வேண்டும். ஆகவே நெடுந்தூரம் போகிறவர்களுக்கு என் ஒரே பிடிவாதமான யோசனை: முதலில் எதிர்காற்றில் போங்கள், பின்காற்றில் திரும்புங்கள். சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் முதலில் தெற்கே நிரவி, திருமலைராயன்பட்டினம் பக்கம். ஆனி, ஆடியில் கதை வேறு. மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று பகலெல்லாம் ஓங்கி அடிக்கும். கடற்காற்று தாமதமாக வரும், சில நாள் வரவே வராது. அந்த மாதங்களில் முதலில் மேற்கே திருநள்ளாறு, அம்பகரத்தூர். வாஞ்சூர் எல்லையில் மதுக்கடைகளுக்கு வந்து போகும் வண்டிகளின் ஓட்டம் சனி, ஞாயிறு மாலைகளில் எப்படி இருக்கும் என்று காரைக்கால்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் போவதென்றால் வார நாள்களில் போங்கள்.

“கத்திரியில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும்”

காரைக்கால் வடக்கு அட்சரேகை 11 டிகிரியை ஒட்டி இருக்கிறது. சூரியன் நம் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 18 வாக்கில், அதாவது சித்திரை பிறந்த முதல் வாரத்தில். மறுபடி ஆகஸ்ட் கடைசியில், ஆவணியில். மே 4 தொடங்கி மே 28 வரை நீளும் அக்னி நட்சத்திரக் காலத்தில் சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கும். அப்போது ஏன் அதிகம் சுடுகிறது? தரை வாரக்கணக்கில் சேர்த்து வைத்த சூடும், உள்நாட்டிலிருந்து வரும் வறண்ட மேல்காற்றும்தான் காரணம். கடற்காற்று எட்டிப் பார்க்காத நாளில் கடலோர ஊரான இங்கேயே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். கத்திரி முடிந்தாலும் மேல்காற்று நின்றுவிடுவதில்லை. ஜூன் பிறந்த மறுநாளே துணிந்து நண்பகலில் கிளம்புகிறவர்கள் பஞ்சாங்கத்தை நம்பி ஏமாறுகிறார்கள். ஆவணியில் “வெயில் தணிந்துவிட்டது” என்று தொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். சூரியன் மறுபடி உச்சிக்கு வரும் மாதம் அது. தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் மெல்லிய மேகத்தை ஊடுருவி வரும்.

“வெயில் காலத்தில் டயரில் காற்றைக் குறைத்து அடிக்கணும்”

எந்தச் சைக்கிள் கடையில் கேட்டாலும் இந்தப் பாடம் கிடைக்கும். இதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது, அதனால்தான் இது சாகாமல் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 27 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடித்த டயர் சாலைச் சூட்டில் 57 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 56க்குச் சற்று மேலே ஏறும். நல்ல டயர் அதைத் தாங்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குள் இருந்தால் கவலை இல்லை. காற்று குறைந்த டயரோ நசுங்கி உருளும், மிதிக்கக் கனக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரண்டு பல் பதிந்தாற்போல் ஓட்டை விழும். காற்று குறைத்தவர்களுக்கு வரும் பஞ்சர் பெரும்பாலும் இதுதான். பழி வெயிலுக்குப் போய்விடுகிறது. வெயிலில் நிறுத்திய சைக்கிள் ‘படார்’ என்று வெடிப்பதும் நடக்கிறது. ஆனால் அங்கே பார்த்தால் டயர் நூல் தெரியத் தேய்ந்திருக்கும், அல்லது பழைய ஒட்டின் பசை இளகியிருக்கும். டயரை மாற்றுங்கள், நிழலில் நிறுத்துங்கள்.

“எண்ணெய் போட்டால் துரு பிடிக்காது” என்பதும் அதே கடையிலிருந்து வருவதுதான். உப்பு படிந்த செயினின் மேல் எண்ணெய் ஊற்றினால் உப்பு உள்ளேயே தங்கும். போதாததற்குக் கடற்கரை மணலும் ஒட்டிக்கொண்டு அரம்போல் அராவும். கடலோரம் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்து, அப்புறம் இரண்டு சொட்டு எண்ணெய்.

“இளநீர் இருக்க எதற்கு உப்புத் தண்ணீர்?”

இளநீரைக் குறைசொன்னால் கீழத்தஞ்சையில் நடமாட முடியாது என்பதை அறிவேன். இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் மிகுதியாக இருப்பது பொட்டாசியம். வியர்வையில் நாம் இழப்பதோ முக்கியமாக சோடியம், அதாவது சாப்பாட்டு உப்பு. இளநீரில் அது குறைவு. ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடும் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும். இரண்டு, மூன்று மணி நேரம் என்றால் உப்புப் போட்ட நீர்மோர், பழைய சோற்றுத் தண்ணீர், அல்லது உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு இளநீரைவிடக் கணக்குத் தீர்க்கும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு புது நம்பிக்கை வந்திருக்கிறது: தாகமோ இல்லையோ, லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டே இரு என்பது. உப்பில்லாமல் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரை போகும். நெடுந்தூர ஓட்டக்காரர்களில் சிலர் இதனால் இறந்திருக்கிறார்கள். தாகத்தைக் கேட்டுக் குடிப்பதே போதும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேர்த்த உடம்பில் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்று அத்தை சொல்வார். வராது. கூட வந்தவர் பேச்சுத் தடுமாறி, நடை தள்ளாடி, உடம்பு கொதித்தால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

“சைக்கிள் மிதித்தால் முட்டி தேயும்”

உடம்பின் எடையைச் சீட் தாங்குவதால் முட்டிக்கு நடப்பதைவிடச் சைக்கிள் இலகுவானது. வலிக்கிறது என்றால் பெரும்பாலும் சீட்டின் உயரத்தில் கோளாறு. இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பது நம் பழக்கம். அப்போது முட்டி ஒவ்வொரு சுற்றிலும் மடங்கிய நிலையிலேயே அழுந்தும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் அளவு. நின்றால் நுனிக்கால்தான் தரையில் படும். இரண்டு நாளில் பழகிவிடும்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கச் சொல்வார்கள். ஓடுவதைத்தான் நாய் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மெல்ல நடங்கள்.

“வேலை வெட்டி இல்லாதவங்க சுத்துறது”

எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடியது இதுதான். சைக்கிள் என்றால் பள்ளிக்கூடத்துக்கு, வயலுக்கு, கடைக்கு. சும்மா போவதற்கு அல்ல. பெண்கள் விஷயத்தில் இது இரட்டிப்பு. மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் மகள் பள்ளிக்குப் போன சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துருவேறிக் கிடக்கும். அதை எடுத்து ஓட்ட அம்மாவுக்குத் தோன்றாது, தோன்றினாலும் தெருவைப் பார்த்துக் கூச்சம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண்கள் அதை வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, நினைத்த இடத்துக்குப் போகவும்தான். ஊர் பேசத்தான் செய்தது. பேசிவிட்டு அடங்கியது. விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை விழுந்து, ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் கோடையில், விடியலில் நம் கடற்கரைச் சாலை காலியாகத்தான் இருக்கிறது. பார்த்துப் பேச ஆளும் குறைவு.

“குளிர்ந்ததும் ஓட்டலாம், ஐப்பசி வரட்டும்”

ஐப்பசியில் வருவது குளிர் அல்ல, மழை. நம் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. புயலும் அப்போதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். மார்கழி பாதி வரை சாலையோரம் சேறும் பள்ளமும் இருக்கும். தையும் மாசியும் அருமை, ஆனால் வயலோரச் சாலைகளில் அறுவடை இயந்திரங்களும் நெல் காயவைப்பவர்களும் இடம்பிடித்திருப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டே போக வேண்டும். சாலை காய்ந்து, பொழுது சீக்கிரம் விடிந்து, பிள்ளைகளுக்கும் விடுமுறையாக இருப்பது சித்திரை, வைகாசியில்தான்.