முதல் மாணவி அம்மா

மூன்றாவது வாரமும் பிள்ளையிடம் வயலினைக் கொடுக்காமல் அம்மாவுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தால், அப்பா மாடியேறி வந்துவிடுவார். "டீச்சர், ஃபீஸ் கட்டினது பாப்பாவுக்குத்தானே?" மதுரை திருநகரில் எங்கள் மாடி வகுப்பில் பதினோரு வருடமாக வரும் கேள்வி இது. நான் பாயின் ஓரத்தைக் காட்டுவேன். பாப்பா அங்கே விளக்குமாற்று ஈர்க்குச்சியை வில்லாகப் பிடித்து, அம்மா வாசிப்பதைப் பார்த்துப் பார்த்துத் தன் இடது கைமேல் இழுத்துக்கொண்டிருப்பாள். "அவ படிக்க ஆரம்பிச்சு மூணு வாரமாச்சு சார்" என்பேன். அம்மாவின் கையிலிருக்கும் வயலின் தனக்கு வேண்டும் என்று பிள்ளை அழுகிற நாளில்தான் அதன் கையில் கொடுப்போம்.

இந்த வழி ஜப்பானியர் ஷினிச்சி சுசூகியுடையது. 1898இல் நகோயாவில் பிறந்தவர். அப்பா வயலின் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆனாலும் மிஷா எல்மன் வாசித்த 'ஆவே மரியா' இசைத்தட்டைப் பதினேழு வயதுவாக்கில் கேட்ட பிறகுதான் ஒரு வயலினை எடுத்துத் தானாகப் பழக ஆரம்பித்தார். 1920களில் பெர்லினில் கார்ல் கிளிங்லரிடம் படித்தார். ஊர் திரும்பியபின், நாலு வயதுப் பையனுக்குச் சொல்லித்தர முடியுமா என்று ஒருவர் கேட்டபோது யோசித்துப் பார்த்தார். ஜப்பானில் பிறந்த பிள்ளையெல்லாம் ஜப்பானிய மொழி பேசுகிறது. எந்தத் தாயும் இலக்கணத்திலோ எழுத்திலோ தொடங்குவதில்லை. இசையையும் அப்படியே கொடுத்தால் என்ன? போருக்குப் பின் மட்சுமோட்டோ ஊரில் பள்ளி தொடங்கி, 1998இல் மறையும்வரை அந்த ஒரு யோசனையின் பின்னால் நடந்தார்.

எங்கள் மூன்று ஆசிரியர்களில் யாரும் அந்த முறையில் முறைப்படி பயிற்சி பெற்றவர்கள் அல்ல. அதனால் அவர் பெயரைப் பலகையில் போடவில்லை. அவர் வழியிலிருந்து கற்றதைக் கர்நாடக வயலினுக்குப் பொருத்திப் பார்த்தவர்கள் நாங்கள், அவ்வளவே.

பொருத்துவது எளிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். அவர் பிள்ளைகளை நிற்கவைத்துத் தாடையில் வயலின் கொடுத்தார். நாம் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றுகிறோம். விரல் விழவேண்டிய இடத்தைக் காட்ட அவர் முறையில் பட்டையில் நாடா ஒட்டுவதுண்டு, நாங்களும் ஒட்டினோம். மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை ஓடும்வரை நன்றாகவே போனது. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வந்ததும் பிள்ளைகள் திணறிவிட்டார்கள். ஸ்வரத்தைக் காதில் தேடாமல் நாடாவில் தேடப் பழகியிருந்தார்கள். இப்போது நாடாவை ஒன்றரை மாதத்துக்குமேல் வைப்பதில்லை. பிரித்த அன்று அபஸ்வரம் கொட்டும். கொட்டட்டும், இரண்டு வாரத்தில் காது கையை இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

காதுதான் எல்லாம். சேர்ந்த அன்றே சரளி, ஜண்டை வரிசைகளை நான் வாசித்துப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். உட்கார்ந்து கேட்கவேண்டியதில்லை, குளிப்பாட்டும்போதும் தலை பின்னும்போதும் தோசை ஊட்டும்போதும் ஓடட்டும் என்பேன். திருமங்கலத்திலிருந்து வரும் ஒரு ஐந்து வயதுக்காரி, நான் இன்னும் தொடாத முதல் ஜண்டை வரிசையைப் படியேறும்போதே பாடிக்கொண்டு வந்தாள். யார் சொல்லித்தந்தது என்றால், "யாருமில்ல டீச்சர், அது எங்க வீட்டுல இருக்கு" என்றாள்.

மதுரைக்காரர்களுக்கு இதற்குச் சாட்சி தேட ஜப்பான்வரை போகவேண்டியதில்லை. 1916இல் இதே ஊரில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அந்த வீட்டில் சங்கீதம் பேச்சைப்போலப் புழங்கியது. பத்து வயதில் சுப்புலட்சுமி இசைத்தட்டில் பாடிவிட்டார். "அவங்க பிறவி மேதை டீச்சர்" என்று பெற்றோர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்த வீட்டை விட்டுவிட்டு மேதைமையை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். வகுப்பு தொடங்கிய இரண்டாம் வருடம், ஐந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். நல்ல காது. அதனாலேயே எனக்குப் பேராசை. ஒரே வகுப்பில் கட்டைவிரல், மணிக்கட்டு, முதுகு, தாளம், சுருதி எல்லாவற்றையும் திருத்தினேன். "தப்பு", "மறுபடி தப்பு" என்றேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவன் அப்பத்தாவைப் பார்த்தேன். "வயலின் பெட்டியப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிறான்மா" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அவன் திரும்பி வரவேயில்லை.

அதற்குப் பிறகு ஒரு வகுப்பில் ஒன்றைத்தான் திருத்துகிறேன். இன்றைக்குக் கட்டைவிரல் என்றால் கட்டைவிரல் மட்டும். முதுகு வளைந்திருந்தாலும் அது அடுத்த வாரத்துக்கு. பாடத்துக்கு முன் அந்த ஒன்றை அம்மாவிடமும் சொல்லிவிடுவேன், வீட்டில் வேறெதையும் திருத்தவேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். 'தப்பு' என்ற சொல் எங்கள் மாடியில் இல்லை. "இன்னொரு தடவை கேட்போமா?" என்பதோடு சரி. புதிதாகக் கற்றுத்தர வருகிறவர்களுக்கு நான் சொல்வதில் இதுதான் முதல். மற்றவற்றை நாளாக ஆகக் கற்றுக்கொள்வார்கள்.

முடித்த பாடத்தை மூடிவைக்கவும் கூடாது. கீதத்துக்குப் போன பிள்ளையும் தினமும் சரளியில்தான் தொடங்கவேண்டும். "பழசையே வாசிக்கிறானே" என்று வருந்தும் பெற்றோரிடம், நேற்றுப் பேசிய சொல்லை இன்று விட்டுவிடுகிறோமா என்று கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வாசிப்பார்கள். முதல் சரளி வரிசையைச் சின்னவர்கள் முதல் காலத்தில் ஒருமுறை வாசிப்பதற்குள், நடுப்பிள்ளைகள் இரண்டாம் காலத்தில் இரண்டு தடவையும், பெரியவர்கள் மூன்றாம் காலத்தில் நாலு தடவையும் வாசித்து, எல்லாரும் ஒன்றாக ஸட்ஜத்தில் வந்து நிற்பார்கள். மூன்று மாதமே ஆன பிள்ளையும் கச்சேரிக்குள் இருக்கிறது. வர்ணம் வாசிக்கும் அக்காவும் அதே பாடத்தைத்தான் வாசிக்கிறாள் என்று அது பார்க்கிறது. என் சொல்லால் வராத உற்சாகம் அந்த அரைமணி நேரத்தில் வந்துவிடுகிறது.

வேறு சில விஷயங்கள். வயலின் பிள்ளையின் அளவுக்கு இருக்கவேண்டும். நாலைந்து வயதுக்கு 1/8 அல்லது 1/10. வளர்ந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று சட்டை எடுக்கிற மாதிரி பெரிதாக வாங்கினால் தோள் வளைந்துவிடும். தந்தியும் அந்தந்த அளவுக்குரியதாக இருக்கட்டும். மதுரை வெயிலில் காருக்குள் வயலினை விட்டுப் போகாதீர்கள். ஒட்டிய பசை இளகிவிடும், தந்தியை முறுக்கும் பிருடை பிடிக்காது. சித்திரைத் திருவிழா நாட்களில் எங்களுக்கு வகுப்பு இல்லை. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவாமி புறப்பாட்டுக்குப் போய், நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வரவேண்டும், அதுதான் பாடம். வந்து வாயாலேயே வாசித்துக் காட்டும் பிள்ளைகள் உண்டு.

இரண்டு மாதத்தில் பிள்ளைகளை ஆண்டு விழா மேடைக்குத் தயார் செய்யச் சொல்லி ஒரு பள்ளியிலிருந்து வருடாவருடம் கேட்கிறார்கள். முடியாது என்றே சொல்லி வருகிறோம்.

பிள்ளையைச் சேர்க்க நினைக்கிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதம் வயலின் வாங்காதீர்கள். காலையில் பத்து நிமிடம் வீட்டில் தம்பூரா சுருதி ஓடட்டும். உங்களில் ஒருவர், அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ, வாரம் ஒருநாள் அரைமணி நேரம் பிள்ளையோடு பாயில் உட்கார ஒதுக்குங்கள். அந்த அரைமணி நேரம் கிடைக்காது என்றால், கிடைக்கிற காலம் வரும்வரை பிள்ளையை எங்களிடம் அனுப்பவேண்டாம்.