குட்டி யானைக்கு இழுவை கூட்டிய கணக்கு

என்னிடம் இருப்பது பழைய டாடா ஏஸ். குட்டி யானை என்றால்தான் எங்க ஊரில் தெரியும். 2005இல் இந்த வண்டி வந்தபோது இருந்த அதே என்ஜின்: இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். வெள்ளிக்கிழமைதோறும் வேப்பம் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு சிறுமலை ஏறுவேன். அங்குள்ள இயற்கை விவசாயிகளுக்கு இறக்கிக் கொடுத்துவிட்டு மலை வாழைத்தாரோடு திரும்புவேன். போன வருஷம் 18 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் வண்டி திணற ஆரம்பித்துவிட்டது.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "பம்ப்ல ஸ்க்ரூவை லேசாத் திருப்பி டீசலை ஏத்தி விடுண்ணே, பறக்கும்" என்றார் ஒரு தம்பி. அது பயிருக்கு யூரியா போடுகிற மாதிரிதான். கொஞ்ச நாள் செழிப்பாத் தெரியும். பிறகு கரும்புகை, என்ஜின் சூடு, டீசல் செலவு. இன்னொருவர் டர்போ மாட்டச் சொன்னார். அதற்கென்று செய்யாத என்ஜினில் அது தாங்காது. ஆர்.சி. புக்கில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். ஆகவே, வண்டிக்கு முதலில் இருந்த இழுவையை மீட்டாலே போதும் என்று முடிவு செய்தேன். வேலையையும் நானே செய்வதாக இறங்கினேன்.

நோட்டில் எழுதிய திட்டம் இது: ஏர் ஃபில்டர் 350, டீசல் ஃபில்டர் 450, ஆயிலும் ஆயில் ஃபில்டரும் 1,500, இரண்டு நாசிலைக் கழற்றிக் கொடுத்துச் சரிபார்க்க 1,800, கிளட்ச் செட் 4,500. மொத்தம் 8,600 ரூபாய். சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும் என்று பக்கத்தில் குறித்தேன்.

பதினைந்து நாள் ஆனது.

கிளட்சைக் கழற்றினால் ஃப்ளைவீல் முகத்தில் வரி வரியாகத் தேய்மானம். லேத்துக்குக் கொண்டு போனால் அங்கே எனக்கு முன்னால் நாலு வேலை. என்ஜின் மவுண்ட் ரப்பர் பிளந்து கிடந்தது. அதைவிடப் பெரிசு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தபோது தெரிந்தது. சுற்றவே இல்லை. டிரம்முக்குள் வீல் சிலிண்டர் இறுகி, பிரேக் பாதி பிடித்தபடியே இத்தனை நாளும் ஓடியிருக்கிறது! வண்டி இழுக்காததற்கு அது ஒரு முக்கியமான காரணம். இப்படி உரசிச் சூடேறிய பிரேக்கை நம்பித்தான் வாழைத்தார் பாரத்தோடு மலை இறங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது.

ஜாக்கி போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம். பைசா செலவில்லை. டயர் காற்றைப் பார்க்கப் பத்து நிமிஷம். மேட்டில் என்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது; கரும்புகை வந்தால் காற்றோ நாசிலோ சரியில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பணக்கணக்குப் போட்டிருக்க வேண்டும். நான் சாமான் வாங்கிய பிறகு பார்த்தேன்.

கூடுதலாக ஆனது: ஃப்ளைவீல் லேத் வேலை 700, மவுண்ட் ரப்பர் 800, பிரேக் ஷூ 1,200, வீல் சிலிண்டர் இரண்டும் 1,100, டிரம் கடைசல் 600, பிரேக் ஆயில் 250. அது 4,650. இரண்டு வெள்ளிக்கிழமை வாடகை வண்டிக்கு 5,000. ஆக 18,250.

என் கூலியை இதில் சேர்க்கவில்லை. நெல்லுக்குச் செலவுக்கணக்கு எழுதும்போதும் நாம் செய்கிற தப்பு இதுதானே, வீட்டு ஆள் உழைப்பு கணக்குக்கே வராது. முழுசாக ஆறு நாள் வண்டிக்கு அடியில் கிடந்திருக்கிறேன். நாள் 700 என்றால் 4,200. எல்லாம் சேர்த்து 22,450.

பட்டறையில் கேட்ட கூலி 4,500. இரண்டு நாளில் தருவதாகச் சொன்னார்கள். அதே சாமான், அதே லேத் வேலை, வாடகை வண்டி தேவைப்பட்டிருக்காது. 17,750இல் முடிந்திருக்கும். கூலி மிச்சம் பிடிக்கப் போய் 4,700 ரூபாய் அதிகம் செலவழித்திருக்கிறேன்.

அதற்காக ஸ்பானரைத் தூக்கிப் போடவில்லை. ஃபில்டர், ஆயில், நாசிலைக் கழற்றி மாட்டுவது எல்லாம் அரை நாள் வேலை. ஒரே நாளில் வண்டி சாலைக்கு வந்துவிடும். அவற்றை நானே செய்கிறேன். கிளட்ச் மாதிரி வண்டியைப் படுக்கப்போடுகிற வேலை இனி பட்டறைக்குத்தான். பிரேக் ஷூ நான் மாட்டினாலும், மெக்கானிக் ஒருமுறை பார்த்த பிறகே மலைக்கு எடுத்தேன். திட்டம் எழுதும்போது சாமான் விலையில் பாதியளவு பணத்தை எதற்கென்று சொல்லாமல் ஒதுக்கி வைக்கிறேன். போன தடவை அது ஏறக்குறைய சரியாக இருந்திருக்கும். நாள் கணக்கை மூன்று மடங்காகப் போடுகிறேன். வயலில் களை வேலை நெருக்கும் வாரத்தில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதில்லை.

இப்போது புண்ணாக்கு மூட்டையோடு வண்டி இரண்டாவது கியரில் வளைவுகளை ஏறுகிறது. முன் டயர் இரண்டும் தேய்ந்திருக்கின்றன. அதற்கு மாசம் 1,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்து வருகிறேன்.