களம் ஓய்ந்த காலத்துக் கல்விப்பணி

காட்டிலும் மலையிலும் திரிந்து உயிர்களை ஆராய்வோர்க்குக் களத்திற் கழியும் நாட்களே உழைப்பு நாட்களென்றும், ஏனையவை ஓய்வு நாட்களென்றும் பலர் கருதுவர். அது பொருந்தாது. குளிர்நாடுகளிற் கரடியை ஆராயும் அறிஞர் பலர், அது குகையில் உறங்கும் பனிக்காலத்தே தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்திக் கட்டுரையாக்குவர். பள்ளிகட்குச் சென்று சிறுவர்க்கு அவ்விலங்கின் இயல்பை எடுத்துரைப்பர். நம் தமிழகத்துக் கரடி அவ்வாறு நெடுந்துயில் கொள்வதில்லை. எனினும் களத்திற்கு ஒரு பருவமும் எழுத்திற்கு ஒரு பருவமும் இங்கும் உண்டு. விலங்காராய்ச்சியில் அன்றிச் செடியாராய்ச்சியில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு நம் திருச்சிராப்பள்ளியிலேயே உளது.

தூய வளனார் கல்லூரியில் 1967-ஆம் ஆண்டில் ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்செடித் தொகுப்பகம் நிறுவப்பெற்றது. சேசு சபைத் துறவியாகிய கே. எம். மத்தேயு அடிகளாரும் (1930–2004) அவர்தம் துணைவரும் தமிழகத்தின் நடுப்பகுதிச் சமவெளிகளிலும், பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் மலை முதலியவற்றிலும் செடிகளைத் தொகுத்தனர். அவ்வுழைப்பின் பயனாக, ‘தமிழ்நாடு கர்நாடிக்’ பகுதியின் செடிகொடிகளைப் பற்றிய பெருநூல் 1981 முதல் 1988 வரை பல தொகுதிகளாக வெளிவந்தது.

நம் பகுதியில் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின்னரே சிறுபூண்டுகள் மிகுதியாய்ப் பூக்கும். சித்திரை வெயிலில் அவை கருகி மறையும். அக்காலத்து ஆராய்ச்சிக்கு உலர்செடியே துணை. பூவும் காயுமுடைய கிளையைக் கொய்து, செய்தித்தாள்களினிடையே வைத்தழுத்தி, ஈரமேறிய தாள்களை மாற்றி மாற்றி உலர்த்துவர். ஊர், நாள், செடியின் உயரம், பூவின் நிறம் ஆகியவற்றைக் களத்திலேயே எழுதிக்கொள்வர். உலர்ந்தபின் நிறம் மாறுமாதலின், அன்றெழுதிய குறிப்பே பின்னாளிற் சான்றாகும். பின்னர் அதனைத் தடித்த தாளில் ஒட்டி, உலர்ந்த பூவொன்றை வெந்நீரில் மென்மையாக்கி, உருப்பெருக்கியின்கீழ்ப் பிரித்து, இதழையும் மகரந்தத்தாளையும் எண்ணி, முன்னைய தொகுப்புகளோடு ஒப்பிட்டுப் பெயர் துணிவர். ஒரு காலைப்பொழுதிற் கொய்தவற்றிற்குப் பெயர் துணியப் பல நாட்கள் செல்லும்.

பெருநூல் எழுதியதோடு அடிகளார் அமையவில்லை. அது நூலகத்திற்கு உரியது. மாணவர் கையிற்கொண்டு காட்டிற்குச் செல்லத்தக்கதன்று. ஆதலின் நடுத்தமிழகத்துச் செடிகளை ஒரே நூலிற் சுருக்கி, களப்பயணத்திற்கேற்ற கையேடாக 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆராய்ச்சி கல்வியாக மாறுவது இவ்விடத்தேயாம்.

தமிழ் பயில்வார்க்கு இதனால் ஆவதென்னை எனின், கூறுவேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை அடுக்கினார். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்பொருட்டு அப்பாட்டு எழுந்ததென்பர். எனவே அதுவும் கல்விப்பணியே. அவர் கூறிய புன்னை, திருவரங்கக் கோயிலின் தலமரமாக இன்றும் நிற்கின்றது. அதனை ஐயுறுவார் இலர். ஆனால் அப்பட்டியலிற் சில பெயர்கள் எச்செடியைக் குறிக்கும் என்பதில் அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர். இது புலவர் குற்றமன்று. செடியின் அடையாளங்களை எழுதுதல் பாட்டின் நோக்கமன்று. செடியையும் பெயரையும் ஒருங்கறிந்த மக்கள் மறையவே, பெயர் மட்டும் ஏட்டில் எஞ்சியது.

இன்றும் அவ்விழப்பு நிகழாமலில்லை. மேற்கூறிய நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. காவிரிக்கரையிலும் கொள்ளிடக்கரையிலும் உழுதும் ஆடு மேய்த்தும் வாழும் முதியோர் பலர், வரப்பிலுள்ள பூண்டுகளைப் பெயர் சொல்லி அறிவர்; அவர் மக்களுள் அவ்வாறறிவார் சிலரே. ஆதலின் தமிழ் மாணவராகிய நாம் மார்கழி விடுமுறையில் நம் ஊர் முதியோரிடம் சென்று, ஒவ்வொரு பெயரையும் கேட்டெழுதி, அப்பெயருக்குரிய செடியையும் உலர்த்தி உடன்வைப்போமாக. கோடையில் அவற்றைத் தாவரவியல் பயிலும் நண்பரிடம் காட்டி, இருவரும் ஒருங்கிருந்து எழுதலாம். பத்துச் செடிகளேயாயினும் பெயரும் சான்றும் பிரியாது நிற்குமாயின், பின்வருவோர்க்கு அது பெரும்பயன் தரும்.