ஜிம்னியை இரண்டு அங்குலம் தூக்குமுன்

மாருதி ஜிம்னி வாங்கிய கையோடு லிஃப்ட் கிட்டும் வாங்கிக்கொண்டு, "அண்ணே, வீட்டிலேயே மாட்டிடலாமா?" என்று கேட்டு வரும் பிள்ளைகள் இப்போது அதிகம். மாட்டலாம். முன்னும் பின்னும் கெட்டி ஆக்சில், நான்கு காயில் ஸ்பிரிங் என்று கைக்கு அடங்கிய வண்டி அது. கிட்டைப் பிரிக்கும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எதற்காகத் தூக்குகிறீர்கள்? ஸ்பிரிங்கை மாற்றினால் சேஸியும் பாடியும்தான் மேலே போகும். டிஃபரன்ஷியல் ஹவுசிங் ஆக்சிலோடு சேர்ந்தது. இருந்த இடத்திலேயே இருக்கும். கல் அங்கேதான் இடிக்கிறது என்றால் டயரைப் பெரிதாக்குவது ஒன்றே வழி. அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் ஹவுசிங் ஓர் அங்குலம்தான் உயரும். ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2590 மி.மீ., மூன்று கதவு வண்டியைவிட 340 மி.மீ. அதிகம். மேட்டின் முகட்டைத் தாண்டும்போது அடிவயிறு தட்டுவது அதனால்தான். அதற்கு லிஃப்ட் நன்றாகவே உதவும்.

2. இரண்டு அங்குலத்தோடு நிறுத்துங்கள். மேலே போகப் போக ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் கெட்டு அதிர்வு வரும். பக்கச் சரிவில் வண்டி கவிழும் அபாயமும் கூடும்.

3. மாட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேளுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

4. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. சிமென்ட் தரையில் நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, சேஸிக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எடை தாங்குவதுபோல் இருந்து சட்டென்று நொறுங்கும். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால்தான் உள்ளே தலையை நீட்ட வேண்டும். தனியாக இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

5. முதல் நாள் இரவே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஆயிலை அடித்துவிடுங்கள். நான்கு சக்கரத்திலும் ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். எவ்வளவு உயர்ந்தது, இடமும் வலமும் சமமா என்பதற்கு அந்த அளவுதான் சாட்சி.

6. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றும்போது ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி இருக்கட்டும். பிறகு ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். உங்கள் கண் பிரேக் ஹோஸ் மேலேயே இருக்கட்டும். அது விறைக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி, அதன் பிராக்கெட்டைக் கழற்றித் தளர்வு கொடுங்கள். ஏ.பி.எஸ். ஒயருக்கும் இதே கவனம். ஆக்சிலின் எடை ஹோஸில் ஒரு நொடிகூடத் தொங்கக் கூடாது. ஆக்சில் போதுமான அளவு இறங்கியதும் பழைய ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். புதியதை வைக்கும்போது அதன் முனை கீழ்க் கிண்ணத்தின் படியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

2020 முதல் வந்த புதிய தார் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அதில் முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குபவை. ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே அமுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். அதை வீட்டில் பிரித்தால் ஆளையே அடித்துவிடும். ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போங்கள்.

7. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போது இறுக்காதீர்கள். கையால் முடுக்கிவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி நாலு முறை அமுக்கி ஆட்டிய பிறகு, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அந்தரத்தில் இறுக்கினால், இறக்கிய நொடியிலிருந்து புஷ் முறுகியே நிற்கும், சீக்கிரமே கிழியும். பழகிய கைகளும் அவசரத்தில் விட்டுவிடும் இடம் இது.

8. வண்டி உயர்ந்ததும் முன் ஆக்சில் லேசாகத் திரும்பி காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறையும். அப்போது ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். காஸ்டரைச் சரிசெய்யும் புஷ் கிட்டிலேயே வருகிறதா என்று பாருங்கள். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராட் பழைய நீளத்திலேயே இருந்தால் ஆக்சில் ஒரு பக்கம் ஒதுங்கும். நீளத்தை மாற்றக்கூடிய ராட் போட்டால் நடுவுக்குக் கொண்டுவரலாம். ஷாக்கும் நீளமானதாக வேண்டும். பழைய ஷாக்கையே விட்டால் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அது முழுக்க நீண்டு இடிக்கும்.

9. முடித்ததும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கை ஆளில்லாத தெருவில் சோதியுங்கள். வீல் அலைன்மென்ட் செய்து, ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். எதிரே பைக்கில் வருகிறவரின் கண் கூசக் கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். ஒன்றிரண்டு கட்டாயம் கொஞ்சம் கொடுக்கும். காட்டுப் பாதை அதற்குப் பிறகு.